புரவலரின் பெயரில் ஓர் இசைப் பதிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசையை ஆதரித்த ஒருவர் மறைந்தால், நம் நெல்லைச் சீமையில் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பிளெக்ஸ் வைக்கிறோம், பதினாறாம் நாளில் நினைவு மலர் போடுகிறோம். வசதியுள்ள குடும்பமானால் மண்டபத்தில் ஒரு கல்வெட்டும் பதிக்கிறது. அவர் உயிராய் நேசித்த இசையையே நல்ல முறையில் பதிவு செய்து, அவர் நினைவாக வெளியிடலாம் என்ற எண்ணம் ஏனோ நமக்கு வருவதில்லை.

பிரிட்டிஷ் பியானோ இசை புரவலர்களுக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளுக்காகப் பியானோ பழகும் பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்கே பாக்கையும் பீத்தோவனையும் தெரியும் அளவுக்கு பிரிட்டிஷ் இசையமைப்பாளர்களான ஜான் அயர்லாந்தையோ யார்க் போவெனையோ தெரியாது. இவ்வாறு ஓரங்கட்டப்பட்ட தம் நாட்டு இசைக்காகவே ரிச்சர்ட் இட்டர் 1959-இல் லிரிட்டா என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தொடக்க காலத் தட்டுகளில் ஜான் அயர்லாந்தின் பியானோ படைப்புகளைப் பியானோ கலைஞர் ஆலன் ரோலண்ட்ஸ் வாசித்தார். ஜான் அயர்லாந்து மறைந்தது 1962-இல்தான்; நிறுவனம் தொடங்கியபோது அவர் உயிரோடு இருந்தார். இட்டர் 2014-இல் காலமானார். அவர் பதிவு செய்வித்த இசையை இன்றும் கேட்க முடிகிறது. அத்தகைய ஒருவரின் நினைவாகத் தட்டு வெளியிடுவோர், முதல் உலகப் போரில் 1918-இல் மடிந்த இசையமைப்பாளர் எர்னஸ்ட் ஃபாராருக்கு, மற்றோர் இசையமைப்பாளரான ஃபிராங்க் பிரிட்ஜ் காணிக்கையாக்கிய பியானோ சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்பு) அதில் சேர்த்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

நமக்கும் புரவலர்கள் இல்லாமல் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தது எட்டயபுரத்தில்தான். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்தச் சமஸ்தான வித்வான். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற இசை நூல் 1904-இல் அச்சேறியதும் அச்சமஸ்தானத்தின் ஆதரவால்தான். அந்நூலில் எட்டயபுரம் அரசர்களைப் பாடிய உருப்படிகள், அதாவது இசைப் பாடல்கள், ஸ்வரக்குறிப்போடு இருக்க, அவற்றை மேடையில் கேட்பது அரிதாக இருக்கிறது.

யூடியூபில் எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். கொடை விழாவில் ஸ்பீக்கர் அருகே நின்று செல்போனில் பிடித்ததைப் பதிவென்று கொள்ள முடியாது. தவிலுக்கு அடியில் நாதஸ்வரம் அமுங்கிப் போயிருக்கும், வாசித்தவர் பெயர்கூட இராது.

நினைவு மலருக்காகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினாலே, ஒரு பாடகரையும் பக்கவாத்தியக்காரர்களையும் வைத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் சில உருப்படிகளைப் பதிவு செய்துவிடலாம். உருப்படியின் ராகம், இயற்றியவர், பாடியவர், ஆதரித்தவர் ஆகிய விவரங்களை அச்சிட்டு இணைப்பதும் அவசியம். நெல்லை, தூத்துக்குடி சபாக்கள் இதை எட்டயபுரம் உருப்படிகளிலிருந்து தொடங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.