பழகிருச்சுன்னு சொல்லாதே அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேச உட்கார்ந்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, மீதியில் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஐந்து நிமிடத்துக்குள் நாலு தடவை இருமினாய். கேட்டால், "டெல்லியில எல்லாருக்கும் இப்படித்தான்ப்பா, பழகிருச்சு" என்றாய். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் போனது. மில்லில் இருபத்தைந்து வருஷம் நான் சொன்ன வார்த்தை அது.

1984-ல் சேர்ந்த அன்றே என்னைப் புளோரூமில் போட்டார்கள். பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினுக்குள் தள்ளுகிற இடம். ஷிப்ட் முடிந்து வந்தால் புருவம், கண்ணிமை எல்லாம் வெளுத்திருக்கும். "அப்பா தாத்தா ஆயிட்டாரு" என்று நீ கைகொட்டிச் சிரிப்பாய், ஞாபகம் இருக்கிறதா? ஞாயிறு வார லீவு. திங்கட்கிழமை வேலைக்குப் போய்ச் சில மணி நேரத்தில் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினாற்போல் இருக்கும். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை. புதன்கிழமை ஒன்றும் தெரியாது. லீவு முடிந்து வரும் சோம்பேறித்தனம் என்று மேஸ்திரி கேலி செய்வார், நாங்களும் சேர்ந்து சிரிப்போம். வாழைப்பழம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று ஆளுக்கொரு பழம் தின்போம். பழம் போனது வயிற்றுக்கு, பஞ்சு போனது வேறு வழியில். பஞ்சுத் தூசி நோய்க்கு அந்தத் திங்கட்கிழமை இறுக்கம்தான் முதல் அடையாளம், பிசினோசிஸ் என்று பெயர் என்பதெல்லாம் மில்லை விட்டு நின்ற பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அவர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். மூக்கில் கிளிப் மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற பெண் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று சண்டைக்கோழியை உசுப்புவதுபோல் உசுப்பினாள். நல்ல நுரையீரல் என்றால் மொத்தமாக ஊதும் காற்றில் 70 சதவீதத்துக்கு மேல் முதல் நொடியிலேயே வெளியே வந்துவிடுமாம். எனக்கு 58. "இத்தனை நாள் மூச்சு வாங்கவில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மருதமலைக்குப் போனால் படியேறாமல் வண்டியில் போனோம். மூச்சு வாங்காதபடி நடையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். பழகிருச்சு என்றால் இதுதான்.

இப்போது உன் விஷயம். தீபாவளியில் ஆரம்பித்த இருமல், மூன்று வாரம் தாண்டிவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். டிபி இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. அப்படியே அந்தக் குழாயையும் ஒரு தடவை ஊதிவிட்டு வா. இளைப்பு என்று, வாயில் வைத்து மருந்தை இழுக்கிற பம்ப் (இன்ஹேலர்) எழுதிக் கொடுத்தால் பயந்து பையிலேயே வைத்திருக்காதே. பம்ப் எடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவோம் என்று நானும் ஒரு வருஷம் வீம்பு பிடித்தேன். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வர வேண்டும், இது நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது, அதனால் மருந்தின் அளவும் சின்னது. ஸ்டீராய்டு பம்ப் என்றால் எடுத்ததும் வாய் கொப்பளி, இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

அப்புறம் உன் காலை ஓட்டம். இங்கே விடியற்காலைக் காற்று நல்லது என்று சொல்லி வளர்த்தவன் நான்தான். அங்கே குளிர்காலத்தில் அது தலைகீழ். குளிர்ந்த காற்று நகராமல் தரையோடு படுத்துக்கொள்கிறது, வண்டிப் புகை, குப்பை எரிக்கிற புகை, பஞ்சாப் அரியானாவில் வைக்கோல் கொளுத்துகிற புகை எல்லாம் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. வெயில் ஏறின பிறகுதான் கொஞ்சம் கலையும். போனில் காற்றின் தரக் குறியீடு பார்ப்பாயே, எண் ஏற ஏறக் காற்று மோசம், 200-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய். 400 என்றால் வாசலுக்கு வருவதையே யோசி. ஓடும்போது சும்மா இருப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறாய், அவ்வளவு அழுக்கும் சேர்ந்துதான் உள்ளே போகிறது. பால்கனியில் உட்கார்ந்து பிராணாயாமம் செய்வதும் அந்தக் கணக்குதான்.

துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு போகிறேன் என்றாயே, அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. பிஎம் 2.5 என்று சொல்கிற, புகையில் இருக்கும் நுண்துகள் நம் தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. துணி நெசவில் அது கதவு திறந்த வீடு மாதிரி நுழையும். என்95 மாஸ்க் போடு. கன்னத்தோடு ஒட்டி, ஓரத்தில் காற்று கசியாமல் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நீயே புகை போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கொசுவர்த்தியை நிறுத்து. ஒரு சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வலையைக் கட்டு. சாம்பிராணி விஷயத்தில் அம்மா என்னோடு சண்டைக்கு வருவாள், அதனால் வெள்ளிக்கிழமை மட்டும், ஜன்னலைத் திறந்து வைத்து என்று எழுதுகிறேன். உன் அப்பத்தா பீடியைத் தொட்டவள் இல்லை. ஊதாங்குழலோடு விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்தே கடைசிக் காலத்தில் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து தூங்கினாள். தாளிக்கும்போது சிம்னி ஃபேனைப் போடச் சோம்பல் படாதே. பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடை.

மாப்பிள்ளை பால்கனியில் போய்ப் புகைக்கிறார் என்று தெரியும். குழந்தைக்காகத்தான் வெளியே போகிறார், நல்ல மனுஷர். ஆனால் அந்தச் சட்டையோடுதானே உள்ளே வந்து அவனைத் தூக்குகிறார்? நானும் பீடி குடித்தவன்தான். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் கட்டோடு போட்டேன். முதல் பத்து நாள் நரகம், கண்டவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். இதை நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம், கடிதத்தை மேஜைமேல் திறந்து வைத்துவிடு, போதும்.

அம்மா தூதுவளைப் பொடி அனுப்பியிருக்கிறாள். ரசம் வைத்துச் சாப்பிடு, தொண்டைக்கு இதமாக இருக்கும். அது நுரையீரலைக் கழுவிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் நம்பாதே.

நான் தினமும் நடக்கிறேன். மேடு வந்தால் மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக ஊதுகிறேன். நடையால் நுரையீரல் புதிதாக முளைக்காது, ஆனால் கால் பலப்பட்டால் அதே மூச்சில் கூடுதல் தூரம் போக முடிகிறது. இப்போது தண்ணீர்த் தொட்டி வரை நிற்காமல் போய்விடுகிறேன்.

வரும் ஞாயிறு நீ கூப்பிடும்போது லிஃப்டை விட்டுவிடு. கீழிருந்து மூன்றாவது மாடிக்குப் படியேறிக்கொண்டே என்னோடு பேசு. என்ன வேண்டுமானாலும் பேசு, நான் குறுக்கே பேச மாட்டேன்.

அன்புடன்,
அப்பா