எஃப்ரன் ஆறாவதா, முருகேசா?

அன்புள்ள முருகேசா,

நம் பூல் ஹாலை மூடிவிட்டார்கள். போன சனிக்கிழமைதான் கடைசி நாள். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சுமதி சொன்னாள், சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவன் கல்லூரிக்குப் போய்விட்டான், வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஐந்து மாதமாக உனக்குப் பதில் போடவில்லை, தப்புதான். ஆனால் நைன்-பால் ஆட்டத்தில் எக்காலத்துக்கும் சிறந்தவர்கள் என்று நீ அனுப்பிய அந்தப் பத்துப் பேர் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் அன்றே எழுதியிருந்தால் நம் சிநேகிதம் கெட்டிருக்கும்.

ஹாலில் ஆறாம் மேஜைமேல் துணியை ஏற்கெனவே உரித்துவிட்டார்கள். அடியில் இருந்த கற்பலகை தெரிந்தது, மூன்று துண்டாக. பந்துகள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கிடந்தன. கைக்கு வந்த இரண்டை எடுத்து, நீ எப்போதும் குறிவைக்கும் மூலைப் பாக்கெட்டின் வாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் சேர்ந்தே உள்ளே இறங்கிவிட்டன, இன்னும் விரல் நுழைய இடம் இருந்தது. ஒரு பந்து இரண்டேகால் அங்குலம். அப்படியானால் நாம் ஆடிய பாக்கெட் கிட்டத்தட்ட 5 அங்குலம்! இன்று பெரிய போட்டிகளில் 4 அங்குலப் பாக்கெட். இதே இரண்டு பந்தை அதில் வைத்தால் வாயிலேயே சிக்கி நிற்கும்.

அங்கே நின்றபோதுதான் உன் பட்டியல் ஞாபகம் வந்தது. ஃபெடோர் கோர்ஸ்ட் முதலிடம், சரி, பேசலாம். உன் ஏர்ல் இரண்டாமிடம்; அது தெரிந்ததுதான். பிலிப்பைன்ஸ்காரர் எஃப்ரன் ரேயஸ் ஆறாவதா? கீழே ஒரு வரிக் காரணம் வேறு: "உலகப் பட்டம் ஒன்றுதானே." டேய், அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை பக்கமும்.

உன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நைன்-பால் உலகப் பட்டம் எஃப்ரனுக்கு ஒன்று, 1999-ல் கார்டிஃபில். ஏர்ல் ஸ்டிரிக்லண்டுக்கு மூன்று: 1990, 1991, 2002. கோர்ஸ்டுக்கு இரண்டு: 2019, 2024. ஆல்பின் ஔஷானுக்கும் இரண்டு, 2016, 2021. பட்டத்தை எண்ணித்தான் வரிசை என்றால் ஔஷான் எஃப்ரனுக்கு மேலே வரவேண்டும். நீயோ அவரை ஒன்பதாவதாகப் போட்டிருக்கிறாய். உன் கையே உன் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை, பார்த்தாயா?

இன்னொன்று. அந்த உலகப் போட்டி தொடங்கியதே 1990-ல்தான். அப்போது எஃப்ரனுக்கு வயது 35, 36. கோர்ஸ்ட் முதல் பட்டம் வாங்கும்போது 19. ஒரு மனிதனுடைய நல்ல வயதெல்லாம் போட்டியே இல்லாத காலத்தில் கழிந்துவிட்டது. அதற்கு அவனிடம் பட்டம் கேட்டால் எப்படி? அந்தக் காலத்தில் அவர் எங்கே இருந்தார் என்பது உனக்கு நன்றாகவே தெரியும். 1985-ல் நம் ஹூஸ்டனுக்கு, ரெட்ஸ் ஹாலுக்கு, சீசர் மொரேல்ஸ் என்ற பொய்ப் பெயரில் வந்து பெரிய பெரிய ஆட்களையெல்லாம் காசுக்கு ஆடித் தோற்கடித்தவர். நாம் 1998-ல் வந்து இறங்கியபோதும் கிழவர்கள் அந்தக் கதையை விடவில்லையே. அந்தத் தொப்பிக்காரர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! பட்டியலில் அதற்கு எந்த இடம்?

சரி, பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். நீ இதைத்தான் பிடித்துக்கொள்வாய் என்று தெரியும். அகலப் பாக்கெட்டில் ஆடியவர்களையும் இன்றைய பையன்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பாய். பந்து போடுகிற கைக்கு அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். நீளமான ஷாட்டை 4 அங்குலத்துக்குள் ஜெர்மனிக்காரர் ஜோஷுவா ஃபில்லர் போடுகிற மாதிரி அன்று யாரும் போட்டதில்லை. ஆனால் நைன்-பாலின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. எய்ட்-பாலில் உன் ஏழு பந்தில் எது வசதியோ அதை அடிக்கலாம். நைன்-பாலிலோ மேஜைமேல் இருப்பதில் சின்ன எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொடவேண்டும். எதிராளி 2-ஐ 6-க்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டால், பாக்கெட் 4 அங்குலமாக இருந்தால் என்ன, ஓரடி அகலமாக இருந்தால் என்ன? ரயிலில், அதாவது மேஜை ஓரத்து ரப்பரில், அடித்துச் சுற்றிப் போய்த்தான் தொடவேண்டும். அங்கேதான் எஃப்ரன்.

1995-ல் ரீனோவில் உன் ஏர்லுக்கு எதிராக அவர் அடித்த அந்த இசட் ஷாட்டை நீயும் நானும் கேசட் தேயத் தேயப் பார்த்தோம். நேர்வழி முழுக்க அடைப்பு. வெள்ளைப் பந்து ஒரு ரயில், எதிர் ரயில் என்று இசட் மாதிரி வளைந்து போய், ஒளிந்திருந்த பந்தைத் தொட்டது மட்டுமா, பாக்கெட்டிலும் போட்டது. நீ ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு "குருட்டு அடி" என்றாய். இருபது வருஷமாக யோசித்துவிட்டுச் சொல்கிறேன்: குருட்டு அடி ஒரு தரம் விழும். அவருக்கு வாழ்நாள் முழுக்க விழுந்தது. காரணமும் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் பையன்கள் வளர்வதே ரொட்டேஷன் ஆட்டத்தில். 15 பந்தும் மேஜைமேல், எண் வரிசையில் அடிக்கவேண்டும், பந்தின் எண்ணே புள்ளி, மொத்தம் 120, முதலில் 61 எடுத்தவன் ஜெயித்தான். 9 பந்தோடு ஒப்பிட்டால் அது தீபாவளிக்கு முந்தின நாள் தி. நகர். நேர்வழி கிடைப்பதே அபூர்வம். அந்தக் கூட்டத்தில் மாமா ஹாலில் மேஜைமேலேயே படுத்துத் தூங்கி, எட்டாமல் சோடா கிரேட்டின்மேல் ஏறி நின்று ஆடிய பையன் எஃப்ரனுக்கு ரயில் என்பது கைரேகை மாதிரி.

அப்புறம் 1996 ஹாங்காங், மறுபடியும் எஃப்ரனும் ஏர்லும். மூன்று நாள், முதலில் 120 ரேக் (ஆட்டம்) எடுத்தவர் ஜெயித்தார், ஜெயித்தவருக்கு மொத்தமாக 1 லட்சம் டாலர், தோற்றவருக்கு ஒன்றுமில்லை. 120–117. யார் ஜெயித்தது என்று நான் எழுதவேண்டுமா?

ஏர்லை நான் குறைத்துப் பேசவில்லை. யு.எஸ். ஓபன் நைன்-பால் பட்டத்தை ஐந்து தரம் வாங்கிய கை அது. அந்தக் கை மாதிரி நேராகப் போன கை நான் பார்த்ததில்லை. ஆனாலும் என் வரிசையில் அவர் மூன்றாவது. இரண்டாவது ஷேன் வான் போனிங். கோபப்படாதே, கேள்.

ஷேனுக்கும் யு.எஸ். ஓபன் ஐந்துதான். ஆனால் அவருடைய காலம் ஐரோப்பாவும் தைவானும் பிலிப்பைன்ஸும் ஒன்றாகக் கிளம்பி வந்த காலம். காது சரியாகக் கேட்காத, சவுத் டகோட்டா மாதிரி ஒரு மூலையிலிருந்து வந்த ஆள். உலகப் பட்டம் மட்டும் கைக்கு எட்டவேயில்லை. 2015 இறுதியில் தைவானின் கோ பின்-யியிடம் தோல்வி, 2016 இறுதியில் ஔஷானிடம் தோல்வி. இனி அவ்வளவுதான் என்று நானே சொன்னேன். 2022-ல், 38 வயதில், அதே ஔஷானை 13–6 என்று அடித்து வாங்கினார். அன்றைக்கு வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, முருகேசா. உனக்குப் போன் பண்ண நினைத்தேன், அங்கே நடுராத்திரி தாண்டியிருந்தது.

நாலாவது கோர்ஸ்ட், ஐந்தாவது ஃபில்லர். அதற்குக் கீழே நான் எண் போடவில்லை. போடுவதில் அர்த்தமும் இல்லை. இப்போது எல்லோரும் ஃபார்கோ எண்ணை, அதாவது ஆட்டக்காரரின் திறமைக்குப் போடும் மதிப்பெண்ணை, பேசுகிறார்கள். அதில் 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவன் இரண்டு ரேக் ஜெயிப்பதற்குள் மற்றவன் ஒன்று ஜெயிப்பான். 10 புள்ளி என்றால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 100 ரேக்கில் 52-க்கு 48. உச்சியில் இருப்பவர்களுக்குள் பல சமயம் அந்த 10 கூட இருக்காது. 2025 ஜூலையில் ஜெட்டாவில் நடந்த உலக இறுதி ஞாபகம் இருக்கட்டும். கார்லோ பியாடோ 15, கோர்ஸ்ட் 13. 2017-க்குப் பிறகு இரண்டாவது பட்டம், நாற்பது தாண்டியபின். அந்த மனிதரை நீ பத்துக்குள்ளேயே சேர்க்கவில்லை. 2021-ல் யு.எஸ். ஓபனையும் வாங்கியவர்.

மிகா இம்மோனனும் உன் பட்டியலில் இல்லை. அவர் போய்விட்டார் என்பது உனக்குத் தெரியுமா? புற்றுநோய், 2025 செப்டம்பரில். 52 வயது. நம்மைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. 2008, 2009 என்று அடுத்தடுத்து யு.எஸ். ஓபன் எடுத்தபோது நீ ஊருக்குப் போய்விட்டாய், நான் ஒருத்தன்தான் ஹாலில் கத்திக்கொண்டிருந்தேன். செய்தியைப் படித்த அன்று வேலையே ஓடவில்லை. செல்வத்தின் ஞாபகமும் சேர்ந்து வந்துவிட்டது. அவனும் இப்படித்தான், கடைசி வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஹாலில் அந்த இரண்டு பந்தையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்று 9, இன்னொன்று 4. ஒன்பதில் மஞ்சள் பட்டை கொஞ்சம் மங்கியிருக்கிறது, சாக்பீஸ் கறை ஒன்று துடைத்தும் போகவில்லை. பாஸ்கர் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான், அவனிடம் 9-ஐக் கொடுத்தனுப்புகிறேன். அது கைக்கு வருவதற்குள், எஃப்ரன் ஏன் ஆறாவது என்று நாலு பக்கம் எழுதிப் போடு. ஒரு வரி போதாது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். சுமதிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
கண்ணன்