பத்தாயத்துப் பாட்டில்

தம்பிக்கு, அப்பா எழுதுவது.

குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவைக்கு நாற்றுப் பறிக்க ஆள் சொல்லியாயிற்று. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் நீ பேசும்போது சொன்னதையே திரும்பச் சொல்கிறாய். அந்தக் குழறல் எனக்குப் புதிதில்லை, நானே பேசிய பாஷை. அதனால் திட்டப்போவதில்லை.

உன் அம்மா போய், நீயும் சென்னைக்குத் திரும்பியபிறகு, சாயங்காலம் ஆறு மணியானால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. பிராந்திக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே பெயர்கூடத் தெரியாத ஒருவர் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து, என் பக்கமும் கொஞ்சம் தள்ளி வைப்பார். முதலில் அதற்காகத்தான் போனேன். அப்புறம் அந்தச் சுண்டலும் வேண்டாமென்று ஆகி, குவார்ட்டரை வீட்டுக்கே வாங்கிவந்து பத்தாயத்தில் நெல்லுக்கடியில் புதைத்து வைத்தேன். வீட்டில் ஈ காக்கை கிடையாது. யாருக்குப் பயந்து ஒளித்தேனோ!

தனியாக இருப்பவரெல்லாம் குடிப்பதில்லை. தெற்குத்தெரு பெரியம்மா முப்பது வருஷமாகத் தனிக்கட்டை, வெற்றிலை சீவலோடு சரி. எனக்குத்தான் அது சுழலாகிவிட்டது. ஆளில்லையே என்று குடித்தேன். குடிக்கிறானே என்று, வந்துபோன இரண்டு பேரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். இன்னும் குடித்தேன்.

ஒருநாள் ரோஷத்தில் ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாள் கை டம்ளரைப் பிடிக்கவில்லை, விடியற்காலையில் வலிப்பு. பால்காரர் பார்த்துத் தூக்கிப்போனார். உன்னிடம் காய்ச்சல் என்று சொன்னேனே, அதுதான். ரொம்ப நாள் குடித்த உடம்பை மருந்து கொடுத்துத்தான் இறக்கவேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் தஞ்சாவூர் டாக்டர். நீயும் டாக்டரைப் பார்க்காமல் வீம்பு பண்ணாதே.

அதற்கப்புறம் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது, குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசுகிற இடம். அங்கே ஒரு கதை சொன்னார்கள். 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், குடியை விட்டுச் சில மாசமே ஆன பில் வில்சன், வந்த வியாபாரம் கைகூடாமல் ஹோட்டலில் தனியாக நின்றாராம். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். போன் போட்டு, பேச இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று விசாரித்தார். பாப் ஸ்மித் என்ற டாக்டர் கிடைத்தார். அந்த இரண்டு பேர் பேசியதில் தொடங்கியதுதான் இந்தக் கூட்டம்.

நீயும் கூப்பிடு. பத்து மணிக்கு வேண்டாம், ஆறு மணிக்கு. பேச ஒன்றுமில்லாவிட்டால் நடவுக்கூலிக் கணக்கையாவது படித்துக் காட்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறு. விடிகாலையில் கும்பகோணம் ஸ்டேஷனில் நிற்பேன்.

அப்பா