சூடானால் மட்டும் வரும் சத்தம்

கோரிமேடு, சேலம்
ஞாயிறு மதியம்

பாப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். போய்ச் சேர்ந்ததும் "வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பினாய். அதற்கப்புறம் ஒன்பது நாளாக ஒன்றும் இல்லை. வேலை இருக்கும். அதைக் கேட்க நான் எழுதவில்லை. உன் வண்டியைப் பற்றி எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

உன் இன்ஜின் ஸ்லோவில் நிற்கும்போது ஒரு சத்தம் வருகிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வாசலில் நின்றால் உள்ளே சின்னச் சுத்தியல் தட்டுவது கேட்குமே, அந்த மாதிரி. டிக் டிக் டிக். ரேஸ் கொடுத்தால் மற்ற சத்தத்தில் அமுங்கிவிடுகிறது. ஓட்டும்போது நீ பாட்டு வைத்துக்கொள்வாய், உனக்குக் கேட்டிருக்காது.

முதல் வேலை ஆயில் பார்ப்பது. வேறு எதை யோசிப்பதானாலும் அதற்கு முன்னால் ஆயில். வண்டியைச் சமதளத்தில் நிறுத்து. உங்கள் அபார்ட்மெண்ட் கீழ்த்தளம் சரிவு, அங்கே பார்த்தால் கணக்கு தப்பும். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் விடு, மேலே ஏறிய ஆயில் கீழே இறங்கட்டும். ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுசாக உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பார். இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே என்றால் அரை லிட்டர் ஊற்று, பொறு, பார், அப்புறம் மிச்சம். குறைகிறதே என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றிவிடாதே. கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும். வால்வைத் தள்ளுகிற டாப்பெட்டுக்குள் நுரை போனால் அதற்கும் இதே சத்தம்தான் வரும்.

உனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தவள்தான் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் சீட்டைத் தாண்டி ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறாய். மீட்டரை நான் பார்த்தேன். வரதட்சணையாக வண்டி வாங்கிய மாப்பிள்ளைகள் உள்ள தெருவில், சொந்தச் சம்பளத்தில் வண்டி எடுத்துக் கடனையும் கட்டி முடித்தவள் என் பெண் ஒருத்திதான் என்று நான் டீக்கடையில் சொல்லாத நாளில்லை. அந்த வண்டிக்கு ஒரு கேன் ஆயில் மாற்ற நேரமில்லையா?

உங்கம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. மல்கோவா இந்த வருஷம் சுமார்தான். கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் பொங்கல் வைக்க நீ வருவாயா என்று குகை அத்தை கேட்டாள். நான் பார்க்கலாம் என்றேன். வருவதென்றால் அதற்கு முன் ஆயிலைப் பார்த்துவிட்டு வா. தொப்பூர் கணவாயில் திரும்பிப் போகும்போதுதான் ஏற்றம். ஏறும்போது டேஷ்போர்டில் சிவப்பு எண்ணெய்க் குடுவை எரிந்தால் "அடுத்த பங்கில் பார்க்கலாம்" என்று போகாதே. அது ஆயில் அளவைக் காட்டும் விளக்கு இல்லை, பிரஷரே போய்விட்டது என்று சொல்கிற விளக்கு. எரிந்த இடத்தில் ஓரம் கட்டி, உடனே அணை. லாரிக்காரன் திட்டினால் திட்டட்டும்.

ஆயில் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் அப்புறம்தான் காது வேலை. பானெட்டைத் திறந்தால் இந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டி எதிலும் சன்னமாக ஒரு டிக்டிக் இருக்கும். அது இன்ஜெக்டர். ஊசி திறந்து மூடுகிற சத்தம், அதற்குப் பயப்பட வேண்டாம். டேங்கில் சேரும் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் இழுக்க ஒரு சின்ன வால்வு இருக்கிறது, அதுவும் தட்டும். விரலை வைத்தால் துடிப்பு தெரியும், அதையும் விட்டுவிடு. அடியிலிருந்து டொக் டொக் என்று கனமாக வந்து, ஏற்றத்தில் இன்னும் கூடினால் அது பேரிங். அப்படியென்றால் ஒரு அடிகூட ஓட்டாதே, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். உன்னுடையது அது இல்லை. அடித்துச் சொல்வேன்.

மிச்சம் இரண்டு. ஒன்று, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட், புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கிற தகடு. அது லேசாக விட்டிருந்தால் புகை புசுக் புசுக்கென்று தப்பும்போது டாப்பெட் மாதிரியே கேட்கும். நல்ல மெக்கானிக்கே ஏமாறுவான். ஆனால் அது குளிர் இன்ஜினில் வந்து, சூடேறி இரும்பு விரிந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். கசிகிற இடத்தில் கரி படிந்திருக்கும். மற்றது டாப்பெட். உன் இன்ஜினில் ஹைட்ராலிக் டாப்பெட். ஆயில் பிரஷர்தான் உள்ளே நின்று இடைவெளியை அடைக்கிறது. சூடானால் ஆயில் தண்ணியாகும், ஸ்லோவில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ரொம்பக் குறையும். ஆயில் பழசாகவோ குறைவாகவோ இருந்தால் அப்போது டாப்பெட் அடிக்கும்.

உன்னுடையது குளிரில் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை நீ கிளம்பும்போது கேட்டருகில் நின்று கேட்டேன். பட்டு மாதிரி எடுத்தது. சூடான பிறகுதான் வருகிறது.

என் நீளத் திருப்புளி, மரப்பிடி போட்டது, ஞாபகம் இருக்கிறதா? நுனியை வால்வு கவரில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினால் எந்த இடம் தட்டுகிறது என்று தனியாகத் தெரியும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு செய். ஃபேன், பெல்ட் பக்கம் போகாதே. இந்த வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும்.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்த வெள்ளை அம்பாசிடருக்கு டாப்பெட் வைத்தது நினைவுக்கு வருகிறது. ஏற்காட்டுக்கு டிரிப் அடித்த வண்டி. இருபது கொண்டை ஊசி வளைவிலும் முதல் இரண்டு கியரிலேயே திணறித் திணறி ஏறி, சனிக்கிழமை ராத்திரி பட்டறைக்கு வந்து நிற்கும். நான் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றுவேன், நீ பெயிண்ட் டப்பா மேல் ஏறி நின்று வால்வைப் பார்ப்பாய். எட்டு வால்வு. கூட்டினால் ஒன்பது வரவேண்டும். எட்டு அமுங்கியிருந்தால் ஒன்றுக்கு இடைவெளி வைக்கணும், ஆறு அமுங்கியிருந்தால் மூன்றுக்கு. "அப்பா, ஆறு கீழ போயிருச்சு" என்று நீ கத்துவாய், நான் சொல்வதற்குள் "அப்ப மூணு" என்பாய். பதினைந்து தௌ தகட்டை நுழைத்து நீயே இழுத்துப் பார்ப்பாய். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து. வெண்ணெயில் கத்தி இழுப்பது மாதிரி லேசாகப் பிடிக்கணும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். எஞ்சினியரிங் உனக்கு அங்கேதான் வந்தது, அந்தக் காலேஜில் இல்லை.

அப்போது ஒரு தடவை கேட்டாய், எதுக்குப்பா இடைவெளி, இறுக்கி வைத்தால் சத்தமே வராதே என்று. வராது. நாலு நாள் வண்டிக்காரர் சந்தோஷமாகப் போவார். ஆனால் வால்வு முழுசாக மூடாது, நெருப்பு அதன் விளிம்பு வழியே போய்ப் போய்க் கருகிவிடும். சத்தம் போடுகிற டாப்பெட்டை விட சத்தமே போடாத டாப்பெட்டைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன்.

சரி. நீ இந்நேரம் பிடித்திருப்பாய். சூடானால்தான் வருகிற சத்தம் என்றால் அப்பா எப்போது கேட்டார்? வந்த மூன்று நாளும் நீ வண்டியை எடுக்கவேயில்லை. கிளம்பும்போது இன்ஜின் குளிர்ந்திருந்தது.

வந்த அன்று விடியற்காலை நீ நாலரைக்குத்தான் பெல் அடித்தாய். "இப்பத்தான் வர்றியா கண்ணு?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்ட மாதிரி கேட்டேன். "ஆமாப்பா, ரோட்ல டிராஃபிக்கே இல்ல" என்றாய். நீ வந்தது மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். லைட்டை அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தாய். முதலில் போன் பேசுகிறாய் என்று நினைத்தேன். போன் வெளிச்சம் இல்லை. ஸ்டியரிங் மேல் தலை வைத்திருந்தாயா இல்லையா என்று அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். டாப்பெட்டா மேனிஃபோல்டா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்றில் ஓடுகிறது, வால்வைத் திறக்கிற கேம் அதில் பாதி, நிமிஷத்துக்கு நானூறு தட்டு, ஒரு வால்வுதான் என்று கணக்குப் போட்டேன். பதினெட்டுப் படி. இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். முக்கால் மணி நேரம் கழித்து நீ அணைத்தாய், அப்புறமும் நீ இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. நீ பெல் அடித்ததும் இரண்டாவது தடவை அடிக்கட்டும் என்று காத்திருந்து வந்தேன். தூங்கினவன் மாதிரி.

உங்கம்மாவுக்கு இது தெரியாது. மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டாள்.

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. மூன்று நாளைக்கு வருகிறவள் வண்டி அப்படி உட்காராது. பின் டயருக்கு இரண்டு பாயிண்ட் காற்று கூட்டி வைத்தேன், டிக்கியைத் திறக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். திறந்தேன். ஸ்டெப்னி பார்க்கத்தான் திறந்தேன். குக்கர், கம்பளி, உன் சர்டிபிகேட் ஃபைல், நீ பத்தாவதில் வாங்கிய அந்தக் கப் வரைக்கும் இருந்தது. மூடிவிட்டேன். அதையெல்லாம் இறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போனாய். வழியனுப்ப நின்ற நானும் ஒன்றும் கேட்கவில்லை. தொப்பூரில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே என்று மட்டும் சொன்னேன்.

முந்தின தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் போனில் "இங்க ஒண்ணும் சரியா வரலப்பா" என்றாய். பட்டறையில் ஆள் இருந்தான், வெல்டிங் ஓடிக்கொண்டிருந்தது. "புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்தெட்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சத்தம் வருகிறது என்று வந்த ஒரு கஸ்டமரிடம்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. போகப் போக எந்தச் சத்தமும் சரியானதில்லை. உன்னிடம் மட்டும் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை நல்லவர்தான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன், அந்த வாயை மாற்ற முடியவில்லை. உண்மையில் அதுதான் காரணம்.

அவரைப் பற்றி நான் இதில் ஒன்றும் கேட்கவில்லை.

ஆயிலைப் பார். சமதளத்தில், பத்து நிமிஷம் விட்டு. புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு நூறு கிலோமீட்டர் ஓடியும் சத்தம் நிற்கவில்லை என்றால் அங்கே யாரிடமும் கொடுக்காதே. இன்ஜினையே இறக்கணும் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே கொண்டு வா. மாடியில் கிழக்கு ரூமில் இருந்த பழைய ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாவற்றையும் பட்டறைக்கு இறக்கிவிட்டேன். ஒரு குக்கர் வைக்கவும் இடம் இருக்கிறது.

குளிர்ந்த பிறகு என்னால் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எந்த நேரத்துக்கு வந்தாலும் வாசலில் இன்ஜினை அணைக்காமல் ஒரு ஹாரன் அடி. நான் இறங்கி வருகிறேன்.

அப்பா

பி.கு.: ஆயில் ஸ்டிக்கைப் படம் பிடித்து அனுப்பு. அம்மா போனுக்கு வேண்டாம், என் போனுக்கு.