வாசகசாலைக்கு வாங்கவிருக்கும் சர்வர் நூல்கள்: புத்தகத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ரங்கூன்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோயில் வாசகசாலை அறிவிப்புப் பலகையில் சென்ற வாரம் ஒட்டப்பட்ட கொள்முதல் பட்டியலைப் பார்த்தேன். சர்வர் நிர்வாகமும் (பிற கணினிகளுக்குச் சேவை தரும் கணினிகளைப் பராமரிப்பது) ஷெல் ஸ்கிரிப்டும் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ‘ஷெல்’ என்ற நிரலுக்காகக் கோப்பில் எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பு) கற்க முன்வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்காகப் பதினொரு நூல்கள் வாங்க முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த அக்கறைக்கு முதலில் நன்றி. ஆயினும் அவற்றில் ஏழு நூல்களை நீக்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். பல ஆண்டுகளாகச் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன் என்பதைத் தவிர, இதைச் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது.

பட்டியலில் விலை இருக்கிறது, பக்க எண்ணிக்கை இருக்கிறது, அட்டை கெட்டியா மெல்லியதா என்பதுகூட இருக்கிறது. பதிப்பாண்டு மட்டும் இல்லை. இந்தத் துறையில் முதலில் கேட்க வேண்டியதே பதிப்பாண்டுதான். அதையும் எல்லா நூலுக்கும் ஒரே அளவுகோலாக வைக்க முடியாது: ஷெல் நூல் பழையதாக இருந்தால் குற்றமில்லை, நிர்வாக நூல் பழையதாக இருந்தால் அது கற்பவரைத் திசை தவறவைக்கும்.

ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல் 1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது; அதன் வழியில் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் என்ற ஷெல் 1989இல் வந்தது; 1992இல் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் ஷெல்லின் இலக்கணத்தை வரையறுத்துவிட்டது. அதனால் இருபது ஆண்டுக்கு முந்தைய நூலில் உள்ள ஒரு சுழற்சியை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் வரிகளை) இன்று தட்டெழுதினாலும் அது ஓடும். நிர்வாகத்தின் கதை வேறு. லினக்ஸ் இயங்குதள வகைகளான ரெட்ஹாட் 2014இலும் டெபியனும் உபுண்டுவும் 2015இலும் சிஸ்டம்டி என்ற நிர்வாக மென்பொருளுக்கு மாறியபோது, சேவைகளை (பின்னணியில் ஓடும் நிரல்களை) தொடங்குவது, நிறுத்துவது, பதிவுகளைப் படிப்பது எல்லாமே வேறு முறைக்கு வந்துவிட்டன. உங்கள் பட்டியலில் உள்ள மூன்று நிர்வாக நூல்கள் அதற்கு முந்தையவை, அல்லது ரெட்ஹாட் வழிவந்த சென்ட்ஓஎஸ் 7ஐ மட்டுமே நம்பி எழுதப்பட்டவை. சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்துபோயிற்று.

இதனால் வரும் சேதத்தை நேரில் பார்த்திருக்கிறேன். பன்சோடான் தெரு நடைபாதைக் கடையில் வாங்கிய நூல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, நம் வாசகசாலையில் ஒரு தம்பி, கணினியின் வலையமைப்பு விவரத்தைப் பார்க்க ‘இஃப்கான்ஃபிக்’ என்று தட்டினான். அப்படிக் கட்டளையே இல்லை என்று திரை சொன்னது. எழுத்துக்கூட்டிப் பார்த்து மறுபடி தட்டினான், பிறகு கணினியையே அணைத்துப் போட்டான். இப்போதைய டெபியனில் அந்தக் கட்டளை தானாக நிறுவப்படுவதில்லை, ‘ஐபி’ என்ற கட்டளைதான் அதன் இடத்தில் இருக்கிறது என்று நான் சொல்லும்வரை, தவறு தன்னுடையது என்றே அவன் நம்பிக்கொண்டிருந்தான். அனுபவம் உள்ளவனுக்கு நூல் பொய் சொல்வது தெரியும். தொடங்குபவனுக்கு அது தெரிய வழியில்லை.

நான்கு தேர்வு வழிகாட்டி நூல்களையும் நீக்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு உட்காரப் போகிறவருக்கு அவை வேண்டியவையே. ஆனால் அவை கேள்வித்தாளின் வரிசையில் எழுதப்பட்டவை, கற்பவனின் வரிசையில் அல்ல.

ஷெல் நூலைத் தேர்ந்தெடுக்க நான் கையாளும் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். மாறிகளை (மதிப்பு ஒன்றைச் சேமித்துவைக்கும் பெயர்களை) பற்றிய அத்தியாயத்தைத் திறந்து, மாறியின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும் என்பதையும், ஏன் இட வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்கிறதா என்று பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய காப்புப் பிரதிகளை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கோப்புறை ஒன்றின் பெயர் ‘பழைய கணக்கு’, நடுவில் ஓர் இடைவெளி. மேற்கோள் குறி இடாமல் விட்டதால் ஷெல் அதை ‘பழைய’, ‘கணக்கு’ என்று இரண்டு பெயராகப் பிரித்துக்கொண்டது. ‘பழைய’ என்று எதுவும் அங்கே இல்லை. ‘கணக்கு’ என்று ஒரு கோப்புறை இருந்தது, அதில் நடப்பாண்டுக் கணக்கு இருந்தது. அன்று இரவு என்னோடு உட்கார்ந்து அதை மீட்டுத் தந்த அண்ணன் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. நான் படித்திருந்த நூலை வாங்கிப் புரட்டி, மேற்கோள் குறி பற்றிய பாடம் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் இருப்பதை மட்டும் விரலால் காட்டினார்.

நகல் எடுத்துக் கட்டிய பிரதிகளை வாங்க வேண்டாம் என்பதற்கு உரிமைச் சட்டம் தவிர இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஷெல் நூல்களில் இடப்பக்கம் சாய்ந்த ஒற்றைக்குறி ஒரு பொருள் தரும், நேரான ஒற்றைக்குறி முற்றிலும் வேறு பொருள் தரும். நகலின் நகலில் இரண்டும் ஒரே மைப் புள்ளிதான்.

இனி, எவற்றை வாங்கலாம் என்பது. வில்லியம் ஷாட்ஸின் ‘தி லினக்ஸ் கமாண்ட் லைன்’ முதல் நூலாக இருக்கட்டும். கட்டளை வரியில் தொடங்கி ஸ்கிரிப்டில் முடிவதால், வேறு துணை இல்லாமலே முதலிலிருந்து கடைசிவரை படிக்கலாம். வணிக நோக்கமின்றிப் பகிர்ந்துகொள்ளும் உரிமத்தில் ஆசிரியரே வெளியிட்டிருப்பதால், நாமே தெளிவாக அச்சிட்டு ஐந்து பிரதி வைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்துக்கு, இலவசமாகவே கிடைக்கும் ‘தி டெபியன் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஹேண்ட்புக்’ போதும். உங்கள் பட்டியலில் உள்ள ‘யூனிக்ஸ் அண்ட் லினக்ஸ் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் ஹேண்ட்புக்’ அருமையான நூல். ஆனால் நீங்கள் குறித்திருப்பது 2010இல் வந்த நான்காம் பதிப்பு. 2017இல் வந்த ஐந்தாம் பதிப்பையே கேட்டு வாங்குங்கள். (முதல் பதிப்பிலிருந்து அந்நூலைத் தாங்கிவந்த எவி நெமெத் அம்மையார் 2013இல் டாஸ்மன் கடலில் படகோடு காணாமற்போனார், ஐந்தாம் பதிப்பை உடன் ஆசிரியர்கள் முடித்தார்கள்.) அதை இரவல் தராமல் வாசகசாலையிலேயே வைத்திருங்கள், தேடிப் பார்க்கும் நூல் அது. பட்டியலில் மீதமிருக்கும் இரண்டு ஷெல் நூல்களும் வலையமைப்பு நூலும் இருக்கட்டும்.

மொழியைப் பற்றியும் ஒன்று. பள்ளியில் பர்மிய மொழியில் படித்து, தமிழைக் கோயில் வகுப்பில் கற்ற பிள்ளைகளுக்கு ஆங்கில நூலின் முதல் ஐம்பது பக்கம் மலைப்பாகத்தான் இருக்கும். 2012 முதல் வரும் கணியம் இதழ் லினக்ஸ் அடிப்படைகளைத் தமிழில் மின்னூல்களாக வெளியிட்டிருக்கிறது. அவற்றையும் அச்சிட்டு ஷாட்ஸின் பக்கத்தில் வையுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் பழைய மடிக்கணினி ஒன்று வாங்க வேண்டுகிறேன். வரைகலை முகப்பு இல்லாத டெபியனுக்கு 1 ஜிபி நினைவகம் தாராளம். மின்சாரம் முறைவைத்து வரும் நம் ஊரில் இணையம் எப்போது கிடைக்கும் என்று காத்திராமல், மின்கலம் தாங்கும்வரை கணினியிலேயே இருக்கும் கட்டளை விளக்கங்களான ‘மேன்’ பக்கங்களைப் படித்துக்கொண்டே பழகலாம். நூலைப் படித்த கையோடு தட்டிப் பார்க்க ஒரு பெட்டி இல்லையென்றால் மேலே சொன்ன எந்த நூலாலும் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை உச்சிக்கால பூசை முடிந்ததும் வாசகசாலையில் இருப்பேன். கடைக்கு முன்பணம் கொடுப்பதற்குள் பட்டியலோடு வந்தால், பதிப்பாண்டுப் பத்தியைச் சேர்ந்தே நிரப்பிவிடலாம்.

பணிவுடன்,
வாசகசாலை உறுப்பினர் ஒருவர்