அடுத்த பினாலேயை ஒரு க்யூரேட்டரிடம் கொடுங்கள்

கொச்சி பினாலே அறக்கட்டளையின் அறங்காவலர்களுக்கு,

வணக்கம். பக்கத்து மாநிலத்துக்காரன் உங்கள் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன். ஈராண்டுக்கு ஒருமுறை என்று நீங்கள் நடத்தும் சமகாலக் கலைக் கண்காட்சிக்குப் பெயரே கொச்சி-முசிறி பினாலே. அந்த முசிறி எங்கள் சங்கப் பாட்டிலும் வரும் ஊர் என்பதால் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியை வடிவமைக்கும் க்யூரேட்டராக உங்களிடம் இதுவரை இருந்தவர்களைப் பாருங்கள். 2012-இல் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும். 2014-இல் ஜிதிஷ் கல்லாட், 2016-இல் சுதர்சன் ஷெட்டி, 2018-இல் அனிதா துபே, 2022-இல் ஷுபிகி ராவ், 2025-இல் நிகில் சோப்ராவும் அவருடைய கோவா குழுவும். ஆறு முறையும் க்யூரேட்டர் நாற்காலியில் கலைஞர்களே. அனிதா துபே பரோடாவில் கலை விமர்சனம் படித்தவர்தான். ஆனாலும் அவரை நாடு அறிந்தது கலைஞராக.

கலைஞர்கள் உண்டாக்கிய பினாலே என்பது உங்கள் பெருமை. நியாயமான பெருமை. ஃபோர்ட் கொச்சியின் பழைய கிடங்குகளுக்குள் உலகத்தைக் கூட்டிவந்தது எந்த அரசு அருங்காட்சியகமும் இல்லை. ஆனால் கலைஞருக்கு இது ஒருமுறை வந்துபோகும் வேலை. எந்தச் சுவரில் ஈரம் ஏறும், எந்தப் படைப்பு சுங்கத்தில் மாட்டும், யாரிடம் பணத்துக்கு முன்கூட்டியே கறாராகப் பேச வேண்டும் என்று கற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு அவர் ஸ்டூடியோவுக்குத் திரும்பிவிடுகிறார். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

க்யூரேட்டர் வேலையையே தொழிலாகக் கொண்டவருக்கு நைஜீரியாவில் பிறந்த ஒக்வி என்வேசோரைப் பாருங்கள். அமெரிக்காவில் அரசியல் அறிவியல் படித்தவர், கவிதை எழுதியவர். 1994-இல் ஆப்பிரிக்கச் சமகாலக் கலைக்காக ஓர் இதழ் தொடங்கினார். 1996-இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்கப் புகைப்படக் கண்காட்சி, 1997-இல் ஜோகன்னஸ்பர்க் பினாலே, 2002-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் டாகுமெண்டா கண்காட்சி, 2015-இல் வெனிஸ் பினாலே. டாகுமெண்டாவைக் காசெல் நகரோடு நிறுத்தாமல் வியன்னா, டெல்லி, லாகோஸ், செயின்ட் லூசியா என்று விவாத அரங்குகளாக முன்பே பரப்பிவிட்டார். அந்தத் துணிச்சல் முதல் கண்காட்சியிலேயே யாருக்கும் வந்துவிடாது.

2008-இல் தென்கொரியாவின் குவாங்ஜு பினாலேயில் அவரோடு இணை க்யூரேட்டராக இருந்தவர்களில் ஒருவர் நம் ரஞ்சித் ஹொஸ்கொட்டே. மூன்றே ஆண்டில் வெனிஸ் பினாலேயில் இந்திய அரங்கு அவர் பொறுப்பில் அமைந்தது. 2021-இல் அதே குவாங்ஜு, இயக்குநர் பொறுப்பில் பாதியை நடாஷா ஜின்வாலாவுக்குக் கொடுத்தது. கொரியாக்காரர்களுக்குத் தெரிகிற நம் ஆட்கள் கொச்சியின் கண்ணில் மட்டும் படவில்லையா?

2014 முதல், கலை மாணவர்களின் படைப்புகளுக்காக நீங்கள் நடத்தும் மாணவர் பினாலேக்காக இளம் க்யூரேட்டர்களைக் கலைக் கல்லூரிகளுக்கு அனுப்புகிறீர்கள். நல்ல காரியம். அப்புறம் அவர்கள் எங்கே போவது? தனியார் காலரியில் விலைப்பட்டியல் தயாரிக்கவா?

2022-இல் தொடக்கம் டிசம்பர் 12-இலிருந்து 23-க்குத் தள்ளிப்போனதும், கலைஞர்கள் பகிரங்கமாக மடல் எழுதியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பழியை க்யூரேட்டர் மேல் போட மாட்டேன். பணமும் கட்டடமும் அவர் கையில் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: அடுத்த முறை இதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை அழையுங்கள். பட்ஜெட்டில் அவருக்குள்ள அதிகாரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மாணவர் பினாலேயில் தேறிய இரண்டு பேரையாவது அவருக்கு உதவியாக, பினாலே இல்லாத ஆண்டிலும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பார்வையாளர்