ஐரிஷ் கதைகளின் கொச்சைச் சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்துப் புனைகதைகளைப் பற்றித் தங்கள் இலக்கியப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, அவற்றில் வரும் கொச்சைச் சொற்களை ‘மண்வாசனை’ என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிட்டது. அந்நாட்டின் வரலாறு கதைக்குள் நுழைவதே பெரும்பாலும் அச்சொற்களின் வழியாகத்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

1914-இல் வெளிவந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில், மாநகராட்சித் தேர்தலுக்கு வாக்குச் சேகரிப்பவர்கள் ஓர் அறையில் குளிர்காய்ந்தபடி பேசிக்கொண்டிருக்கும் கதை ஒன்று உண்டு. பட்டம் உடையவர்கள் முன் தொப்பியைக் கையில் ஏந்தி நிற்பவர்களை அங்கே ஒருவர் ‘ஷோனீன்’ என்று ஏசுகிறார். இதை ‘அடிவருடி’ என்று மொழிபெயர்த்தால் வசை மட்டுமே மிஞ்சும். ஜான் என்ற பெயரின் ஐரிஷ் வடிவத்தோடு சிறுமை காட்டும் விகுதி சேர்ந்து பிறந்த அச்சொல், ஆங்கிலேயராகத் தம்மைப் பாவித்துக்கொள்ளும் ஐரிஷ்காரரைக் குறிப்பது. ஆட்சியும் அடிமைத்தனமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதே மனிதர், தாம் அணிந்திருக்கும் ஐவி இலையைச் சுட்டிக்காட்டி, ‘இந்த மனிதர்’ உயிரோடிருந்தால் ஆங்கிலேய மன்னருக்கு வரவேற்புரை வாசிக்கும் பேச்சே எழுந்திராது என்கிறார். அவர் சொல்லும் அந்த மனிதரான, அயர்லாந்துக்குத் தன்னாட்சி கோரிய தலைவர் பார்னெல், 1890-ஆம் ஆண்டின் மணவிலக்கு வழக்கால் கட்சி பிளவுபட்ட பின், 1891 அக்டோபர் 6 அன்று மறைந்தார் என்பதையும், அந்த நாளில் அவருடைய அன்பர்கள் ஐவி இலை அணிவார்கள் என்பதையும் அறியாத வாசகருக்கு அது வெறும் இலைதான்.

ஜாய்ஸ் விளக்கம் எதுவும் தரவில்லை. ஆனால் 1800-இல், அயர்லாந்து நாடாளுமன்றம் தன்னைத் தானே கலைத்துக்கொள்ள வாக்களித்த அதே ஆண்டில், மரியா எட்ஜ்வர்த்தின் ‘காசில் ராக்ரென்ட்’ நாவல் ஆங்கிலேய வாசகருக்கான சொல்விளக்கப் பட்டியலோடு வந்தது. குடியானவரைப் பிழியும் கடுங்குத்தகைக்கு வழங்கிய ‘ராக்ரென்ட்’ என்ற பெயரே கதை நிகழும் மாளிகைக்கும் பெயர்! கதை சொல்லும் முதிய ஊழியர் ‘கில்ட்’ என்று சொன்னால் கொல்லப்பட்டார் என்று கொள்ளக்கூடாது, பலத்த அடிபட்டார் என்றே கொள்ளவேண்டும் என்கிறது அப்பட்டியல். அதில் சற்றே மேட்டிமைச் சிரிப்பு கலந்திருப்பதையும் மறுப்பதற்கில்லை.

‘கில்ட்’ என்பதற்குத் தமிழில் ‘செத்தேன்’ என்று எழுதினால் போதும், நம் பேச்சிலும் அது மரணத்தைக் குறிப்பதில்லை. ‘ஷோனீன்’ அப்படியன்று, அதை அப்படியே விட்டு, நூலின் இறுதியில் இரண்டு வரி விளக்கம் சேர்ப்பதே முறை எனக் கருதுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர் ஒருவர்